கருவாட்டுக் கூடையில் வந்த முசே

என் வயசுக்காரர்களே, கொஞ்சம் உட்காருங்கள். ஓடிப்போய்ச் செய்ய நமக்கு ஒரு வேலையும் இல்லை. நான் ரெண்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிய ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆனாலும் யாரையும் எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

போன வாரம் புயல் வருகிறது, புயல் வருகிறது என்று டிவியில் ஓயாமல் சொன்னார்கள் இல்லையா? இங்கே மூலக்குளத்து வீட்டில் என் மருமகள் முதலில் எடுத்து வைத்தது நகையை இல்லை, வீட்டுப் பத்திரத்தை இல்லை. பூனையை. அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் கூண்டு, கூண்டுக்குள் மெத்தை, பூனையின் கழுத்தில் ஒரு பட்டை, பட்டையில் என் மகனுடைய போன் நம்பர். போனில் வந்த எதையோ எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"வளக்குற பிராணிங்கள புயல் நேரத்துல கட்டிப் போட்டுட்டுப் போகக் கூடாதாம் அத்த. கூடவே தூக்கிக்கிட்டுப் போகணுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத எங்கம்மா அந்தக் காலத்துலயே செஞ்சிட்டா. செஞ்சிட்டு எங்கப்பாகிட்ட நல்லா வாங்கியும் கட்டிக்கிட்டா," என்றேன். அவளுக்குக் கேட்க நேரமில்லை, பூனையின் பிஸ்கட் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. டவுனுக்கு வடக்கே, கடலை ஒட்டி எங்கள் குப்பம். அப்பா கட்டுமரம் போட்டுக் கடலுக்குப் போவார். அவர் கொண்டுவரும் மீனை அம்மா கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, பிரெஞ்சு வெள்ளைக்காரர்கள் குடியிருந்த தெருக்களில் விற்பாள். அந்த நாட்களில் அவர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு மீன் வாங்கிய வீடு நாளைக்குப் பூட்டிக் கிடக்கும்.

அப்படி ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார மதாம், அம்மாவிடம் வாடிக்கையாக வஞ்சிரம் வாங்குகிறவள், கடைசி நாள் அம்மாவின் காலிக் கூடைக்குள் தன் நாயைத் தூக்கி வைத்தாளாம். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து அழுதாளாம். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

விற்காத மீன் என்று நினைத்து நான் எட்டிப் பார்த்தேன். மீன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

வெள்ளை நாய். சுருட்டை மயிர். கண்ணே தெரியாத அளவுக்கு நெற்றியில் மயிர் தொங்கும். ஒரு பெரிய சேவலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். கழுத்தில் சிவப்புத் தோல் பட்டை, அதில் ஒரு பித்தளை வில்லை, வில்லையில் அவர்கள் எழுத்து. அது அந்த நாயின் பெயராகத்தான் இருக்க வேண்டும். குப்பத்தில் அதைப் படிக்க ஒருவரும் இல்லை. வெள்ளைக்கார ஆண்களை எங்கள் ஊரில் 'முசே' என்றுதானே கூப்பிடுவோம். இதுவும் வெள்ளை, இதுவும் ஆண். முசே என்றே வைத்துவிட்டோம்.

முசேவுக்குத் தமிழ் தெரியாது. "வா" என்றால் பார்க்கும். "இங்க வாடா" என்றாலும் பார்க்கும். அம்மா, மதாம் சொல்லிக் கேட்டதை நினைவு வைத்திருந்து, "வியேன்" என்றாள். ஓடி வந்தது. "அசி" என்றாள். உட்கார்ந்தது. குப்பத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலில் கூடி, "அசி, அசி" என்று கத்தி அதை நாள் முழுக்க உட்கார வைத்தார்கள்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அந்த ஊரு ஆளுங்களே மூட்ட கட்டிக்கிட்டுப் போறாங்க. அவங்க பாஷ என் வூட்டுல எதுக்கு? நா சொல்லமாட்டேன். என் வூட்டுச் சோறு திங்கிறது என் பேச்சக் கத்துக்கட்டும்," என்பார்.

அதற்கு மேல் இரண்டு குற்றம் சேர்ந்தது. ஒன்று, முசே மீன் தின்னாது. ரொட்டி வேண்டும். மீன்காரன் வீட்டில் மீனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாய்! அம்மா முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் பிசைந்து, வாயில் வைத்து வைத்துப் பழக்கினாள். எனக்கு வயிறு எரியும். நான் முள்ளோடு தின்று வளர்ந்தவள்.

இரண்டாவது குற்றம்தான் பெரியது. எங்கள் கட்டுமரத்துக்கு ஐந்து மரம். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார் அப்பா. அதில் நீளமானது நடுமரம். அது இல்லாவிட்டால் மற்ற நாலும் வெறும் கட்டைதான். பெண்கள் அந்த மரத்தைத் தாண்டக் கூடாது, தொடக் கூடாது. நான் நாலு வயசில் தெரியாமல் தாண்டிவிட்டு வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது. அப்பேர்ப்பட்ட மரத்தின் மேல், தினம் காலையில் எழுந்ததும், முசே போய்க் காலைத் தூக்கும். வேறு மரத்தில் தூக்காது. நடுமரத்தில் மட்டும், அதுவும் அதே இடத்தில்.

"பாத்தியாடி! பாத்தியாடி!" என்று அப்பா துடுப்பை ஓங்கிக்கொண்டு ஓடுவார்.

"ஆம்பள நாய்தானய்யா? தாண்டக் கூடாதுன்னு பொம்பளைக்குத்தான சொல்லி வெச்சீங்க?" என்பாள் அம்மா.

பக்கத்துக் குடிசையில் அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, சிரித்துச் சிரித்துப் புரை ஏறும்.

ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. ஒரு நாள் காலையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வானம் காய்ந்த ஓலை நிறத்தில் இருந்தது. காற்று ஒரு மூச்சு அடிக்கும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் டவுன் ஓரத்துச் சரக்குக் கிடங்குக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். பழைய காலத்துக் கிடங்கு, என் கை நீளத்துக்குச் சுவர் கனம்.

எங்கள் ஆட்களுக்குப் புயல் என்றால் கயிறு. அப்பா விடிந்ததிலிருந்து கட்டிக்கொண்டே இருந்தார். கூரையைக் கட்டினார். பானைகளை ஒன்றோடொன்று கட்டினார். வலையைச் சுருட்டிக் கட்டினார்.

"தம்பி, அப்டியே என்னையும் ஒரு கட்டுக் கட்டிடு," என்றாள் அத்தை.

"உன்ன எந்தக் காத்துக்கா தூக்கும்?" என்றார் அப்பா.

ஐந்து மரத்தையும் இழுத்து வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னை மரத்தோடு ஒவ்வொன்றாகக் கட்டினார், நடுமரத்தைக் கடைசியில். கட்டி முடித்துக் கயிற்றின் நுனி மிச்சம் இருந்தது. அப்போது முசேவைத் தூக்கி வந்தார். ஒரு சாக்கை மடித்து அதன் மார்பில் சுற்றினார். முன்னங்காலுக்குக் கீழே அந்த மிச்சக் கயிற்றைக் கொண்டுபோய், முதுகில் முடிச்சுப் போட்டு, நடுமரத்தோடு கட்டினார்.

நான் அலறினேன். "அதையும் கூட்டிக்கிட்டுப் போலாம்பா!"

"கிடங்குல நாய வுடமாட்டாண்டி. இங்கதான் அது பத்திரம். நட."

முசே என்னைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. யாரும் அசி என்று சொல்லவில்லை. தானாகவே உட்கார்ந்தது.

கிடங்கு வாசலில் வாட்ச்மேன் நின்றிருந்தார். துரைமார் காலத்துத் தொப்பி, நெட்டையாக. "மனுஷாளுக்கு மட்டுந்தான். ஆடு, மாடு, நாய், கோழி எதுவும் உள்ள வரக் கூடாது," என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்லிச் சொல்லி அனுப்பினார். அத்தை புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குளிரில் நடுங்குகிற மாதிரி நடந்து போனாள். அவள் இடுப்பில் கோழி இருந்தது எனக்குத் தெரியும்.

அப்பா மற்ற ஆண்களோடு பின்பக்கக் கதவுக்கு மூட்டை அடுக்கப் போய்விட்டார். மழை ஆரம்பித்தது. நான் அழுதுகொண்டே இருந்தேன். அம்மா முதலில் அதட்டினாள். பிறகு சமாதானம் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"எங்க கட்டினாரு?"

"நடுமரத்துல."

அம்மாவின் முகம் மாறியது. "தண்ணி வந்தா மரம் அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குமே," என்று தனக்குள் சொன்னாள். பிறகு மீன் கத்தியை இடுப்பில் செருகி, காலிக் கூடையைத் தூக்கினாள்.

வாசலில் வாட்ச்மேன், "எங்கம்மா போற, காத்துல?" என்றார்.

"கருவாட்ட மறந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

என் வாழ்க்கையில் நான் காத்திருந்ததிலேயே நீளமான நேரம் அதுதான். பிரசவ வலிகூட அவ்வளவு நீளமில்லை. வெளியே தகரம் பறக்கிற சத்தம் கேட்டது. நாய்க்காக அழ ஆரம்பித்தவள், அம்மாவுக்காக அழத் தொடங்கினேன்.

அம்மா வந்தாள். தலையிலிருந்து கால்வரை மணலும் தண்ணீரும். தலையில் கூடை, கூடை மேல் சாக்கு.

"கூடையில என்னா?" என்றார் வாட்ச்மேன்.

"சொன்னனே. கருவாடு. நனஞ்சா வீணாப் பூடும், வழிய வுடு."

"கருவாடு மொனகுதே?"

"காத்து ஊதுது. உன் காதுல என்னா கோளாறோ."

கூடையின் பின்பக்கம் ஒரு ஓட்டை. அது வழியாக ஒரு வெள்ளை வால் தொங்கி, அம்மாவின் குரலைக் கேட்டதும் ஆட ஆரம்பித்தது. வாட்ச்மேன் குனிந்து பார்த்தார்.

"கருவாட்டுக்கு வாலு ஆடுது."

"மீனுன்னா வாலு இருக்காதா? கடலோரத்துல பொறந்துட்டுக் கேக்குறியே, கேள்வி! வெள்ளைக்காரன் போயிட்டான், உன் தொப்பி மட்டும் இன்னும் போகலியா?"

அந்த நேரம் பார்த்து, கிடங்குக்குள் அத்தையின் புடவைக்குள்ளிருந்து கோழி முட்டையிட்டுவிட்டு ஊருக்கே அறிவித்தது. "கொக்... கொக்... கொக்கொக்கோ!" எல்லோரும் திரும்பினார்கள். வாட்ச்மேனும் திரும்பினார். அத்தை ஒன்றும் நடக்காதது போல எழுந்து வந்து, சூடு ஆறாத முட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"குளுருது, சாப்புடு அண்ணே," என்றாள்.

அவர் முட்டையைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். வெளியே காற்றைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, முட்டையை அதற்குள் பத்திரமாக வைத்து, ஒதுங்கி நின்றார்.

முசே உயிரோடு வந்துவிட்டது. கழுத்துப் பட்டையும் பித்தளை வில்லையும் மட்டும் மணலில் எங்கேயோ விழுந்துவிட்டன. அதன் உண்மையான பெயர் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா பின்பக்கத்திலிருந்து வந்து, என் மடியில் நாயைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டார். நான் அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

விடிந்து குப்பத்துக்குப் போனபோது, கூரை பாதி இல்லை. அலை தென்னை மரம்வரை வந்து போயிருந்தது. அடியில் நாலு மரம் கிடந்தது. நடுமரத்தைக் காணோம். அப்பா கயிற்றைக் கையில் எடுத்து நுனியைப் பார்த்தார்.

"அறுந்த கயிறு இல்ல இது. அறுத்த கயிறு. யாரு அறுத்தா?"

"நான்தான்," என்றாள் அம்மா. "நனஞ்சி முடிச்சு இறுகிப் போச்சி. கண்ணு தெரியாத மழ. நாயோட கயிறுன்னு நெனச்சி அறுத்தேன். நடுமரத்தோட கயிறும் அதுதான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"மரத்தத் தொட்டியா?"

"நா தொடல. கத்திதான் தொட்டுது."

அத்தைக்குச் சிரிப்பு வந்து, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டார். அதுபோல ஒரு மரம் எப்போது கிடைக்குமோ. அதுவரைக்கும் அவர் கரையில் நின்று, அடுத்தவர் கடலுக்குப் போவதைப் பார்க்க வேண்டியதுதான். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"மரம் கெடச்சா நாய் இருக்கட்டும். கெடைக்கலன்னா, எங்கேர்ந்து தூக்கியாந்தியோ அங்கயே கொண்டு போயி வுட்டுடு."

"அது பூட்டிக் கெடக்குற வூடுய்யா."

"அது எனக்குத் தெரியாது."

இரண்டு நாள் கழித்து, மீன்காரப் பெண்கள் மூலமாகத் தகவல் வந்தது. தெற்கே வீராம்பட்டினத்துக் கரையில் ஊர்பேர் தெரியாத மரங்கள் நிறைய ஒதுங்கியிருக்கிறதாம். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். நாயின் விதி அங்கேதானே தெரியப் போகிறது, நான் எப்படி வீட்டில் இருப்பேன்? முசே என் பின்னாலேயே வந்தது. டவுனைத் தாண்டி அரியாங்குப்பத்து ஆற்றுப் பாலத்தில்தான் அப்பா திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டும் வந்துட்டீங்களா?"

பேசுவதில்லை என்று இருந்தவள் பேசிவிட்டேன். "அத எதுக்குக் கட்டிப் போட்ட? சாவட்டும்னுதான?"

அப்பா பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "நடுக்கடல்ல காத்துல மாட்டிக்கிட்டா நா என்னா செய்வேன் தெரியுமா? சாக்கு சுத்திக்கிட்டு, மாரோட கயிறு போட்டு, அந்த நடுமரத்துல என்னக் கட்டிக்குவேன். அதுல கட்டிக்கிட்டுத்தான் உங்க தாத்தா ரெண்டு தரம் வூட்டுக்கு வந்தாரு. அத வுடப் பத்திரமான எடம் எங்கிட்ட இல்ல."

"அது கடல்லயா இருந்துச்சி? தரையிலதான இருந்துச்சி?" என்றேன் நான்.

அப்பா பாலத்துச் சுவரை விட்டு நடக்க ஆரம்பித்தார். அந்த வயசில் நான் வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். கழுத்தில் கட்டவில்லை, மார்பில் கட்டினார், சாக்கு சுற்றினார். அதையெல்லாம் கண்ணால் பார்த்த எனக்கு, அது என்ன என்று புரிய எத்தனையோ வருஷம் ஆனது. தனக்கு வைத்திருந்ததை அப்படியே அந்த நாய்க்குக் கொடுத்திருக்கிறார் மனுஷன். கணக்கு தப்பு. கொடுத்த மனசு தப்பில்லை.

வீராம்பட்டினத்துக் கரையில் இருபது மரத்துக்குக் குறையாமல் கிடந்தது. எல்லாம் மணல் தேய்த்துத் தேய்த்து ஒரே நிறம். அப்பா தாரால் பூசிய அடையாளம் எதிலும் இல்லை. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"உன் மரம் எதுன்னு சொல்லு, எடுத்துக்க. நிச்சயமாத் தெரியலன்னா தொடாத," என்றார்.

அது எங்கள் ஆட்களின் கட்டுப்பாடு. தெரியாமல்கூட அடுத்தவன் மரத்தில் கடலுக்குப் போகக் கூடாது. அப்பா நடந்து நடந்து பார்த்தார். ஒரு மரத்தருகே நின்றார். பிறகு இன்னொன்றின் அருகே நின்றார். இரண்டும் ஒரே நீளம், ஒரே பருமன். ஒன்றைக் காட்டிப் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ரெண்டுல ஒண்ணு. எதுன்னு தெரியல," என்றார். குரல் இறங்கிவிட்டது. நான் முசேவைத் தூக்கி இறுக்கிப் பிடித்தேன். அது திமிறிக்கொண்டு இறங்கிவிட்டது.

இறங்கி, ஒரு மரம் விடாமல் மோந்துகொண்டே போனது. கடைசிக்கு முந்தின மரத்தில் நின்றது. அதைச் சுற்றி வந்தது. மறுபடியும் சுற்றி வந்தது. பிறகு, எங்கள் வீட்டு வாசலில் தினம் காலையில் நடக்கிறது போலவே, நிதானமாகக் காலைத் தூக்கியது.

கரை முழுக்கச் சிரிப்பு. பெரியவர் மட்டும், "நாய்க்கு என்னா, எங்க வேணும்னாலும் போவும். அத வெச்சி மரம் குடுக்க முடியுமா?" என்றார்.

"எங்கேயும் போகாதுங்க. இதுல மட்டுந்தான் போகும்," என்றேன் நான். ஆம்பளைகள் நடுவே நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"பொரட்டிப் பாருங்க," என்றார் அப்பா திடீரென்று. நாலு பேர் மரத்தைப் புரட்டினார்கள். மணலுக்குள் புதைந்திருந்த வயிற்றுப் பக்கத்தில், அப்பா என்றைக்கோ கத்தியால் கீறிய மூன்று கோடு. தார் அதற்குள் இன்னும் கறுப்பாக இருந்தது.

பெரியவர் எழுந்து நின்று, முசேவைப் பார்த்துக் கும்பிட்டார். "எங்க ஊருக்கு ஒரு குட்டி குடுப்பா. சாட்சிக்கு ஆகும்," என்றார்.

கடல் அடங்கியதும் அவர்களே மரத்தை எங்கள் கரைக்கு இழுத்து வந்து விட்டார்கள். நாங்கள் நடந்து திரும்பினோம். ரோடு உடைந்து தண்ணீர் ஓடிய இடத்தில் அப்பா முசேவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் தண்ணீர் இல்லாத இடத்திலும் இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "மரம் கெடச்சிதா?"

"கெடச்சிது. உன் மவனுதான் கண்டுபுடிச்சான்," என்றார் அப்பா.

அடுத்த வருஷமும் புயல் கூண்டு ஏற்றினார்கள். அப்பா வழக்கம்போல எல்லாவற்றையும் கட்டினார். கூரை, பானை, வலை, ஐந்து மரம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கயிறு அந்த வருஷமும் மிச்சம் இருந்தது. அதைச் சுருட்டித் தென்னை மரத்தில் செருகிவிட்டு வந்தார்.

வீட்டுக்குள் போய் அம்மாவின் மீன் கூடையை எடுத்தார். கவிழ்த்துத் தட்டிச் செதிலை உதறினார். ஓட்டை இருந்த இடத்தில் வால் வெளியே வராதபடி பழைய சாக்கை மடித்து வைத்தார். வாசலில் கூடையை வைத்துக் குனிந்து, சுற்றுமுற்றும் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"வியேன்."

முசே தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. நேராக நடுமரத்துக்குப் போய்க் காலைத் தூக்கியது. பிறகு வந்து கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.